ஆமை புகுந்த ஃபிளாட்: கொழும்பு வெள்ளவத்தையில் ஒன்பது வருடம்

“ஆமை புகுந்த வீடு உருப்படாது பிள்ளை. கொண்டுபோய்க் குடுத்திட்டு வா.”

2016இல் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு பிளாஸ்ரிக் பெட்டியோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மம்மா சொன்னது இது. பெட்டிக்குள் பத்து ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிய பச்சைக் குஞ்சு, கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. விலை 600 ரூபாய். “இதுக்கு மேல வளராது அக்கா, ஒரு கண்ணாடிக் கிண்ணமும் இந்தச் சாப்பாட்டுப் பக்கெற்றும் காணும்” என்றான் விற்ற பையன். மகள் அதற்குத் ‘தம்பி’ என்று பெயர் வைத்தாள்.

தம்பியின் ஓடு இப்போது 27 சென்ரிமீற்றர். இரண்டரைக் கிலோவுக்கு மேல் நிறை. கடைக்காரர் ‘ரெட் இயர்ட் ஸ்லைடர்’ என்று சொல்லும் இந்த ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். ஒழுங்காகப் பார்த்தால் முப்பது வருடம்கூட இருக்கும். நாய் வளர்ப்பவர் பத்துப் பதினைந்து வருடத்துக்குத் திட்டம் போட்டால் போதும். இதை வாங்குபவர் மகளின் கல்யாணத்துக்குப் பிறகு யார் பார்ப்பது என்றும் யோசிக்க வேண்டும்.

ஒன்பது வருடத்தில் என் நேரத்தையும் காசையும் அதிகம் தின்றது தண்ணீர்தான். ஆமை தண்ணீரிலேயே தின்று தண்ணீரிலேயே கழிக்கும். மீன் தொட்டிக்குக் காணும் ஃபில்டர் இதற்குக் காணாது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு என்று விற்கும் ஃபில்டரை வாங்குங்கள். வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு, ஓட்டின் ஓர் அங்குலத்துக்குப் பத்து அமெரிக்கக் கலன் தண்ணீர். தம்பிக்கு அது ஏறத்தாழ 400 லீற்றர். அதாவது மூன்றாம் மாடித் தரையில் ஒரே இடத்தில் 400 கிலோ! வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி, எந்த மூலையில் பீம் போகிறது என்று கேட்டுத்தான் வைத்தோம். கிழமைக்கு ஒருதரம் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். அதைத் தவறவிட்டால் முன்வீட்டு அன்ரி கதவைத் தட்டி “என்ன பிள்ளை, ஏதோ மணக்குது” என்பார். இரண்டு தரம் தட்டியிருக்கிறார். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் குளிப்பதா, தொட்டியை மாற்றுவதா என்று வீட்டில் சண்டை.

ஒரு சின்ன வழி பிறகு பிடிபட்டது. சாப்பாட்டை வேறொரு வாளியில் வைத்துக் கொடுத்தால் தொட்டி அவ்வளவு அழுக்காகாது. ஊற்றும் தண்ணீரெல்லாம் பல்கனிக் கறிவேப்பிலைக்குப் போகிறது. அந்த மரத்தைப் பார்த்தால் கண்படும்.

வாங்கி எட்டாம் மாதம், தம்பியின் ஓட்டை அமத்தினால் நகம் போல வளைந்தது. நாய், பூனை பார்க்கும் இரண்டு மிருக வைத்தியர்கள் கையை விரித்தார்கள். மூன்றாமவர் பார்த்தவுடனே “வெயில் படுகிறதா?” என்று கேட்டார். யன்னலோரம்தான் தொட்டி என்று பெருமையாகச் சொன்னேன். கல்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு வெயிலில் இருக்கும் யூவிபி கதிர் வேண்டும், அந்தக் கதிரை யன்னல் கண்ணாடி மறித்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன் பிறகு காலையில் அரை மணித்தியாலம் பல்கனி வெயில், பக்கத்திலேயே நிழலும் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு யூவிபி விளக்கு. அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும், வருடத்துக்கு ஒன்றாவது மாற்ற வேண்டும். 2022இல் டொலர் இல்லாத காலத்தில் அந்த விளக்கைத் தேடி அலைந்த கதை தனி. சந்தையில் மீன்காரர் சும்மா தரும் கணவாய் ஓட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கடித்துக்கடித்துத் தின்னும், கல்சியம் அதிலும் இருக்கிறது.

அதே 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் கட். கீழ்மாடியில் ஒருவருடைய மீன்கள் காற்று மோட்டர் நின்று செத்துப்போயின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவதால் தம்பிக்கு ஒன்றுமில்லை. கொழும்புச் சூட்டில் ஹீற்றரும் தேவையில்லை. இந்த இரண்டும்தான் எனக்குக் கிடைத்த இலாபம்.

சாப்பாடு சுலபம். குஞ்சாக இருக்கும்போது பெலற் என்று விற்கும் உருண்டைத் தீனியும் சின்ன மீனும், வளர வளரக் கீரை கூட வேண்டும். கங்குன் கீரை என்றால் உயிர். காய்ந்த இறால் எங்களுக்கு மிக்சர் மாதிரி, எப்போதாவது. பாண், சோறு வேண்டாம். ஆளைக் கண்டவுடன் நீந்தி வந்து வாயைப் பிளக்கும், பசி என்று நம்பிவிடாதீர்கள்.

ஆறாம் வருடம் தம்பி நான்கு நாள் சாப்பிடாமல் தொட்டி மூலையைப் பிறாண்டியது. எக்ஸ்ரேயில் ஏழு முட்டை! ஆண் துணை இல்லாமலும் முட்டை வரும், அவை பொரிக்காது. முட்டையிட வசதியான இடம் இல்லாவிட்டால் உள்ளே தங்கி உயிருக்கே ஆபத்து. ஈர மண் போட்ட பெட்டியில் வைத்தோம், இரவோடிரவாக இட்டுவிட்டது. ஆண் என்றால் முன்கால் நகம் நீளமாக இருக்குமாம், பார்க்கத் தெரியாமல் போய்விட்டது. பெயரை மாற்ற மகள் சம்மதிக்கவில்லை.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வாங்கவே வேண்டாம். ஆமையின் உடம்பில் வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், ஆனாலும் ஆமை நல்ல சுகமாகவே தெரியும். ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை அமெரிக்காவில் 1975 முதல் விற்கத் தடை. குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதால். தொட்டிச் சாமான்களைக் குசினிச் சிங்கில் கழுவாதீர்கள்.

“கஷ்டமெண்டால் பேர வாவியில விட்டிடன், புண்ணியம்தானே” என்று சொல்லாத ஆளில்லை. இது உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் உள்ள பிராணி. நம் குளத்து ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் 2018இல் ‘ஈரநில நகரம்’ என்று பெயரெடுத்த கொழும்பில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. அப்படியென்றால் உள்ளூர் நட்சத்திர ஆமையை வளர்க்கலாமே என்று இன்னொரு யோசனையும் வரும். அது சட்டம் பாதுகாக்கும் விலங்கு, வீட்டில் வைத்திருந்தால் வழக்குத்தான்.

அடுத்த மாதம் வேறு ஃபிளாட்டுக்கு மாறுகிறோம். புரோக்கர் பார்க்கிங்கையும் கடற்காற்றையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். மேல்தாங்கி எத்தனை லீற்றர், லிஃப்டுக்குள் ஐந்தடித் தொட்டி நுழையுமா, காலை வெயில் எந்தப் பல்கனியில் விழும் என்று கேட்டேன்.

“என்ன அக்கா, மீன் வியாபாரமோ?” என்றார்.