தம்புராவுக்குப் பக்கத்தில் மூன்று வருடம்: சமப் பகுப்பும் அதற்கேற்ற எண்களும்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 61 கட்டைக் கீபோர்டு, பக்கத்தில் எலக்ட்ரானிக் தம்புரா, மடிக்கணினியில் சர்ஜ் எக்ஸ்டி. இந்தச் சின்தசைசர் இலவசம். ஸ்வரங்களின் அளவுகளை எழுதி வைத்த ஸ்காலா கோப்பு ஒன்றை இழுத்துப் போட்டால் போதும், ஸ்தாயியை 17, 22, 31, 53 என்று கேட்ட கணக்கில் சமப் படிகளாக வெட்டிக் கொடுத்துவிடும். மூன்று வருடமாக நாட்டிய நிகழ்ச்சிகளுக்குப் பின்னணி செய்வது இதில்தான்.

எல்லா ஸ்வரத்துக்கும் பொருந்தும் பகுப்பு எது என்று தேடித்தான் முதல் வருடத்தை வீணாக்கினேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஸட்ஜத்தின் அதிர்வெண்ணோடு ஒப்பிட்டால் பஞ்சமம் 3/2, அந்தர காந்தாரம் 5/4, மேல் ஸட்ஜம் 2. இப்படி இயற்கைச் சுருதிகள் எல்லாம் பகா எண்களிலிருந்து பிறக்கின்றன. ஒரு பகுப்பு எந்த எண்களை நன்றாகத் தாங்குகிறதோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். அந்தத் தேர்வுக்கு உட்குழு என்று பெயர், 2.3.5 என்று புள்ளி வைத்து எழுதுவார்கள்.

கீபோர்டில் நாம் பழகிய 12-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்தாயியை 1200-ஆகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு சென்ட். பஞ்சமம் 2 சென்ட்தான் குறைவு. காந்தாரமோ 386-இல் இருக்க வேண்டியது, 400-இல் நிற்கிறது. மந்திர ஸட்ஜத் தந்தியிலிருந்து தானே எழும் காந்தாரத்தோடு இதைச் சேர்த்து வாசித்தால், உள்ளே சமையல் செய்துகொண்டிருக்கும் அத்தை அங்கிருந்தே சொல்வார்: "காந்தாரம் சேரலடா, மேலே ஏறிண்டு நிக்கறது." ஆனால் அதே 12, எண் 17-ஐ (17/16) 5 சென்டுக்குள்ளும் 19-ஐ (19/16) 2.5 சென்டுக்குள்ளும் பிடிக்கிறது. 2.3.17.19 என்று பார்த்தால் அது அருமையான பகுப்பு. கமகத்தோடு அசையும் ஸ்வரத்தில் இந்த வித்தியாசங்கள் மறைந்துபோகும், நின்று ஒலிக்கும் ஸ்வரத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து 22. 'இருபத்திரண்டு சுருதி' என்ற சொல் இழுக்காத ஆள் உண்டா? ஆனால் நம் 22 சுருதிகள் சமமானவை அல்ல. சமமாக வெட்டினால் பஞ்சமம் 7 சென்ட் ஏறிவிடுகிறது. ஒரு கட்டைச் சுருதியில் (ஸட்ஜம் C) தம்புராவின் பஞ்சமத்தோடு சேர்த்தால் ஐந்து நொடிக்கு நான்கு முறை ஒலி அலைந்து அடங்கும். 12-இல் அந்த அலைவு நாலரை நொடிக்கு ஒரு முறைதான். காந்தாரமும் (4.5 சென்ட் குறைவு) 11-ஆம் எண்ணும் (11/8, 6 சென்ட் குறைவு) பரவாயில்லை. அதனால் தம்புராவில் பஞ்சமத் தந்தியை நிறுத்திவிட்டு 2.5.11 என்று வைத்து வாசித்தேன், கேட்க நன்றாகவே இருந்தது. இதில் இன்னொன்றும் கண்டேன். 22-இல் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் 11 படி கிடைக்கும். அதில் பஞ்சமமும் இல்லை, காந்தாரமும் இல்லை. ஆனால் இரண்டையும் பெருக்கி வரும் 15 இருக்கிறது, காகலி நிஷாதம் (15/8) 3 சென்டுக்குள் வந்து உட்காருகிறது! உட்குழுவில் இருப்பவை பகா எண்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

17-இல் சங்கராபரணம் வாசிக்கப் போய் நொந்துவிட்டேன். காந்தாரத்துக்கு 353 அல்லது 424, இரண்டில் ஒன்றுதான். 5-ஐ அடியோடு மறந்து 2.3.11.13 என்று பிடித்த பிறகே அந்தப் பகுப்பு வாய் திறந்தது.

ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் தம் இசை நூலான கருணாமிர்த சாகரத்தில் 24 சம சுருதிகள் என்று வாதிட்டார். மிகுந்த மரியாதையோடு அதையும் சில மாதம் வாசித்தேன். 11-ஆம் எண் 1.3 சென்டுக்குள் வருகிறது. காந்தாரம் மட்டும் 12-இல் கேட்ட அதே காந்தாரம்தான்.

31 எனக்கு மிகவும் பிடித்தது. டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1691-இலேயே எழுதிய பகுப்பு, 1950-இல் நெதர்லாந்தில் இயற்பியலாளர் ஃபோக்கர் இதற்கென்றே ஓர் ஆர்கன் செய்ய வைத்தார். காந்தாரம் 0.8 சென்ட் கூட, 7-ஆம் எண் (7/4) 1.1 சென்ட் குறைவு. 2.5.7 என்று வைத்தால் ஒலி கண்ணாடி மாதிரி தெளியும். பஞ்சமம் 5 சென்ட் இறங்குவதால் தம்புராவோடு மட்டும் ஒத்துப்போகாது.

கடைசியில் நிலைத்தது 53. பஞ்சமத்தின் பிழை 0.07 சென்ட், அலைவு ஒரு முறை வந்துபோக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். காந்தாரம் 1.4 சென்ட் குறைவு. 2.3.5-க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 7-க்கு 4.8, 13-க்கு 2.8 சென்ட் என்பதால் அவற்றையும் சேர்க்கலாம். 11-இல் 8 சென்ட் இறங்குகிறது, விட்டுவிட்டேன். சிரமமெல்லாம் கையில்தான்: 61 கட்டையில் ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். அதனால் ராகத்துக்கேற்ப 12 படிகளைப் பொறுக்கித் தனிக் கோப்பாக வைத்துக்கொள்கிறேன்.

மோகனத்துக்கு அப்படிப் பொறுக்கும்போது தைவதம் 39-ஆம் படியா, 40-ஆம் படியா என்பது இன்னும் தீரவில்லை. 39 என்றால் 5/3, காந்தாரத்தோடு சேரும். 40 என்றால் 27/16, ரிஷபத்திலிருந்து நேர் பஞ்சமம். எனக்கு 39. அத்தை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னும் துளி மேலே" என்கிறார். இரண்டு கோப்புகளையும் வைத்திருக்கிறேன்.