மரியாவா, டெயோனா: எதை முதலில் பார்க்கலாம்?

இரண்டும் புரொடக்‌ஷன் ஐ.ஜி. ஸ்டூடியோ எடுத்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள். இரண்டும் பிரான்ஸ் மண்ணில் நடக்கிற கதை. 2006-ல் வந்த 'லெ ஷெவாலியே டெயோன்' 24 எபிசோட், 2015-ல் வந்த 'மரியா தி வர்ஜின் விட்ச்' 12 எபிசோட். மந்திரமும் மதமும் அரசியலும் கலந்த வரலாற்றுக் கதை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் மரியாவைத்தான் சொல்வேன்.

டெயோன் கதை பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி காலத்தில் தொடங்குகிறது. சேன் ஆற்றில் ஒரு சவப்பெட்டி மிதந்து வருகிறது, உள்ளே லியா என்ற பெண்ணின் உடல். அவளுடைய தம்பி டெயோன் கொலைகாரர்களைத் தேடிப் புறப்படுகிறான். அக்காவின் ஆவி அவன் உடலுக்குள் வந்து வாள் சுழற்றும். டெயோன் நிஜமாகவே வாழ்ந்தவர் (1728–1810); மன்னரின் ரகசியத் தூதராக இருந்தவர், பிற்பாதி வாழ்க்கையைப் பெண்ணாகவே கழித்தவர். அந்த வாழ்க்கையிலிருந்து இப்படி ஒரு கதையைப் பின்னியது அருமையான யோசனை. பைபிளில் சங்கீதம் என்று சொல்லப்படும் துதிப்பாடல்களின் வரிகளே இதில் மந்திரம். ஓதினால் ஆள் சாவான், பிணம் எழுந்து நடக்கும். பார்க்க மிரட்டலாக இருக்கிறது. ஆனால் வேத வரி அங்கே ஓர் ஆயுதம், அவ்வளவுதான். அதை ஓதுகிறவன் கடவுளை நம்புகிறானா என்று கதை பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அதன் மனசு அரண்மனைச் சதியில் இருக்கிறது.

மரியாவில் அந்தக் கேள்விதான் கதையே. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர்க் காலம் (1337–1453). காட்டோரம் வாழும் சூனியக்காரி மரியாவுக்குப் போர் பிடிக்காது. இரு படைகளும் மோதும்போது பெரிய பெரிய மிருகங்களை வரவழைத்துச் சிதறடிப்பாள். இதைப் பொறுக்காமல் தேவதூதர் மிக்கேல் இறங்கி வருகிறார்: கன்னித்தன்மை போனால் மந்திரமும் போகும் என்று விதிக்கிறார். இவ்வளவு சக்தியோடு இறங்கி வரத் தெரிந்தவருக்குப் போரை நிறுத்தத் தெரியாதா என்பது மரியாவின் கோபம். உலகத்தின் ஒழுங்கைக் காப்பதுதான் தன் வேலை, ஒவ்வொருவராகக் காப்பாற்றுவது அல்ல என்பது மிக்கேலின் நிலை. கடைசி வரை இந்த வழக்கு ஓய்வதில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, மரியாவின் நல்ல காரியத்துக்கு விலை கொடுப்பவர்களையும் கதை காட்டுவது. கால்ஃபா கூலிப்படை வீரன். சண்டை நின்றால் அவனுக்குச் சம்பளம் இல்லை, அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அவளிடம் மருந்து வாங்கிக்கொள்கிறார்கள், சர்ச்சுக்கும் பயப்படுகிறார்கள். துறவி பெர்னார் இன்னும் ஆழம். சாதாரண வில்லன் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நம்பிக்கையைப் பகுத்தறிவோடு பொருத்திப் பார்க்கிற படித்த மனிதர் அவர். மரியாவோடு பேசப் பேச, அவருடைய தர்க்கம் அவருக்கே வசதியில்லாத இடத்துக்கு இழுத்துப் போகிறது. அனிமேயில் இறையியல் விவாதம் இவ்வளவு உயிரோடு நடந்து நான் பார்த்ததில்லை.

குறைகள்? மரியாவில் ஆபாச நகைச்சுவை அதிகம், அதுவும் அவளுக்கு ஏவல் செய்யும் ஆந்தைகள் வரும் காட்சிகளில் ஒரே ஜோக் திரும்பத் திரும்ப வரும். கால்ஃபா அவளைப் பலாத்காரம் செய்ய முயலும் காட்சியும் உண்டு, அது பார்க்கவே கஷ்டம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற தொடர் இல்லை. 12 எபிசோடுக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் முடிவு அவசரமாக வருகிறது. டெயோனில் நேர்மாறான பிரச்சினை: ரஷ்யா, இங்கிலாந்து என்று கதை நகரும்போது பெயர்கள் குவிந்து வேகம் குறையும்.

இயக்குநர்கள் விஷயத்தில் இரண்டும் நல்ல கைகளில்தான் இருந்தன: மரியாவுக்கு 'கோட் கியாஸ்' என்ற அனிமே தொடரை எடுத்த கோரோ தனிகுச்சி, டெயோனுக்குக் கசுஹிரோ ஃபுருஹாஷி. வாள்சண்டையும் அரண்மனை உளவும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் நேராக டெயோனுக்கே போய்விடலாம். ஒரு வார இறுதிதான் கையில் இருக்கிறது என்றால், சரி, மரியா.