உறை கிணறா, போரா? வடசென்னையின் மண் சொல்வது

போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறு போடும் வீட்டில் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது "எத்தனை அடி?" என்பதைத்தான், என்ன மண் வந்தது என்று கேட்பவர் அரிது. வடசென்னையில் அந்த இரண்டாவது கேள்விக்கே மதிப்பு அதிகம்.

காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரம் நெடுகிலும் மேலே கிடப்பது மணல். ஐப்பசி, கார்த்திகை மழை அதில் தங்குதடையின்றி இறங்கி, அடியிலுள்ள கனமான உப்பு நீரின்மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் உப்பின் எல்லை காலப்போக்கில் 40 மீட்டர் ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். எனவே இங்கே என் ஓட்டு, வளையங்களை இறக்கி எடுக்கும் ஆழமற்ற உறை கிணற்றுக்கே: அது மேலடுக்கை மெல்ல மொண்டுகொள்கிறது, ஆழமான போரோ உப்பை வலியப் போய் அழைத்து வருகிறது. 1772-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த ஏழுகிணறும் ஆழமற்ற கிணறுகளை நம்பிய ஏற்பாடுதான்.

மணல் என்றாலே அள்ள அள்ளக் குறையாது என்றும் எண்ணிவிட முடியாது. கொசஸ்தலையாறு படிய வைத்த மீஞ்சூர்ப் பக்கத்து மணலில் பல்லாண்டுகள் மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது.

கடலை விட்டு மேற்கே தள்ளி, களி மிகுந்த இடங்களில் நிலைமை தலைகீழ். களிமண்ணில் தண்ணீர் நிறையவே இருக்கும், ஆனால் நுண்துளைகள் அதை விடுவதில்லை. உறை கிணற்றை மாலையில் இறைத்தால் மறுநாள் காலையிலும் முழங்கால் அளவுகூட ஊறியிராது. அங்கே களிக்கு இடையே ஒளிந்திருக்கும் மணல் அடுக்கைத் தேடிப் பிடிக்கும் போர்தான் கைகொடுக்கும். துளையிலிருந்து வரும் சேற்றை உள்ளங்கையில் தேய்த்தால், வழுக்கிய குழம்பு திடீரென நறநறக்கும் ஆழம் ஒன்று வரும். சல்லடைக் குழாய் அந்த ஆழத்தில் நிற்க வேண்டும். கூலியைக் கணக்கிட்டு அடியை மட்டும் கூட்டி, அந்த அடுக்கின் எதிரே துளையில்லாத குழாயை இறக்கிவிட்டால், எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் காற்றுதான் வரும்.