தண்ணீர் ஓடினால் ஜிக், நின்றால் ஈ: வொயிட் ஆற்றில் ஏழு வருடம்

மேட்டூர்க்காரனுக்கு அணை திறப்பு என்பது வருடத்தில் ஒரு நாள். ஜூன் 12 அன்று நீர்மட்டம் ஒத்துழைத்தால் பூத்தூவித் திறப்பார்கள். மறுநாள் செய்தித்தாளில் விநாடிக்கு எத்தனை கனஅடி என்று போட்டிருப்பார்கள். வேலைக்காக அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்தின் பென்டன்வில் பக்கம் குடிவந்து, முதன்முறையாகத் தூண்டிலோடு ஓர் அணைக்குக் கீழே போய் நின்றபோது, இங்கே ஒரே நாளில் மூன்று முறைகூடத் திறந்து மூடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு நல்லதல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏழு வருடங்களாக வொயிட் ஆற்றிலும் அதன் கிளையான நார்ஃபோர்க்கிலும் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனைப் பிடிக்கிறேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் பீவர் அணை; விடுமுறை நாளென்றால் பக்கத்து மாநிலமான மிசௌரிக்குள் இருக்கும் டேனிகோமோ ஏரி, இல்லாவிட்டால் புல் ஷோல்ஸ் அணைக்குக் கீழே காட்டர் என்கிற சிற்றூர். இந்த ஏழு வருடத்தில் என் பையில் நிலைத்தவை இரண்டே இரண்டு: ஈயத் தலை வைத்த முள்ளில் மராபூ இறகு கட்டிய ஜிக், செயற்கை ஈ. இரண்டையும் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் தூண்டிலைப் பற்றிச் சொன்னால், அடுப்பைச் சொல்லாமல் தோசைக்கல்லை மெச்சுகிற கதையாகிவிடும்.

ட்ரவுட் இந்த ஆற்றின் மீனே அல்ல. வொயிட் ஆறு ஒரு காலத்தில் வெதுவெதுப்பான ஆறு. ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்குப் பேர்போனது. 1913-இல் டேனிகோமோவை உண்டாக்கிய பவர்சைட் அணை, 1951-இல் புல் ஷோல்ஸ், 1958-இல் டேபிள் ராக், 1966-இல் பீவர் என்று வரிசையாக அணைகள் எழுந்தன. கடைசி மூன்றும் ஆழமான ஏரிகள். அவற்றின் அடித்தண்ணீர்தான் ஜெனரேட்டர் வழியாக வெளியே வருகிறது. கோடையிலும் அது சுமார் 9, 10 டிகிரி செல்சியஸ்தான். அந்தக் குளிரில் பழைய மீன்கள் பெருகவில்லை. அதற்கு ஈடாக அரசு பண்ணை அமைத்து ட்ரவுட் குஞ்சுகளை விட்டது. ரெயின்போ ட்ரவுட் பசிபிக் கரையோரத்திலிருந்து வந்தது, பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்து. அணை, தண்ணீர், மீன், நான் என எல்லாமே இங்கே வந்தேறிகள்தான்.

வந்தேறி மீன் சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஆறான லிட்டில் ரெட், 1963 அக்டோபரில் கென்னடி வந்து திறந்துவைத்த கிரீர்ஸ் ஃபெரி அணைக்குக் கீழே ஓடுவது. 1992-இல் அதில் ஒருவர் 40 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பிரவுன் ட்ரவுட் பிடித்தார். நம் கணக்கில் பதினெட்டு கிலோவுக்கு மேல். அன்றைக்கு அது உலக சாதனை. இன்னொரு செய்திதான் எனக்கு முக்கியம்: அவர் அதைப் பிடித்தது மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டிய ஒரு சின்னஞ்சிறு ஜிக்கில்.

இனி தண்ணீர். இந்த அணைகளைப் பாசனத்துக்காகத் திறப்பதில்லை. மின்சாரத்துக்கும் வெள்ளக் கட்டுப்பாட்டுக்கும்தான் திறக்கிறார்கள். கோடை மதியத்தில் எல்லார் வீட்டிலும் ஏசி ஓடத் தொடங்கினால் ஆறும் ஓடத் தொடங்கும். புல் ஷோல்ஸில் எட்டு ஜெனரேட்டர்கள். ஒன்றுக்கு விநாடிக்குச் சுமார் 3,000 கனஅடி. காலையில் கூழாங்கல் தெரிய முழங்கால் ஆழத்தில் நடந்த இடம் மாலையில் ஆள் உயரத்துக்கு மேல் பழுப்பாகப் புரளும். மறுநாளைய மின் உற்பத்தி அட்டவணையை முந்தைய நாளே வெளியிடுகிறார்கள். அதைப் பார்க்காமல் ஆற்றில் இறங்குகிறவன் மீன்பிடிப்பவன் அல்ல, மீனுக்குப் போகிறவன்.

நான் அப்படித்தான் போனேன். முதல் வருடம் மே மாதம், நேற்றைய அட்டவணையை இன்றையது என்று நினைத்துக்கொண்டு ஆற்று நடுவில் ஒரு சரளைத் திட்டில் நின்றிருந்தேன். அணையிலிருந்து வெகுதூரம்; அங்கே ஒலிக்கும் சங்கு காதுக்கு எட்டவில்லை. முதலில் காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. காற்றே இல்லாத நாளில் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தேனே தவிர, ஏன் வருகின்றன என்று யோசிக்கவில்லை. பிறகு தொடையில் குளிர் ஏறியது. திரும்பிப் பார்த்தால் டிபன் பாக்ஸ் வைத்திருந்த கல்லைக் காணோம். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எலுமிச்சைச் சோற்றோடு சுற்றிச் சுற்றிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. வரும்போது முழங்கால் அளவு இருந்த கால்வாய் திரும்பும்போது இடுப்புக்கு மேல் இருந்தது. கரையேறி உட்கார்ந்தபோது கை நடுங்கியதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. அன்றுமுதல் எங்கே நின்றாலும் கரையோரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்கிறேன். அந்தக் கல் நனைந்தால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடுவேன்.

தண்ணீர் நிற்கும் நேரம் ஈயின் நேரம். ஈ என்றால் உயிருள்ள ஈ அல்ல. முள்ளில் நூலும் இறகும் கம்பியும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. மேட்டூரில் மண்புழு கோத்து ஜிலேபிக் கெண்டை பிடித்துப் பழகிய எனக்கு இது முதலில் ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. ஆனால் இந்த ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் பல கால்களோடு ஊரும் சோபக், இறால் குஞ்சு போன்ற ஸ்கட், கொசுவின் உறவான மிட்ஜ் புழு. மீனுக்கு நாள் முழுவதும் இதுதான் சாப்பாடு. அதனால் என் பெட்டியில் முக்கால்வாசி ஸீப்ரா மிட்ஜ்தான். 18-ஆம் எண் முள், கறுப்பு அல்லது சிவப்பு நூல், மேலே வெள்ளிக் கம்பி நாலு சுற்று, தலையில் ஒரு மணி. மொத்தமே ஓர் அரிசியின் நீளம் வராது. இதுவும் ஓர் அணையின் பிள்ளைதான். அரிசோனாவில் கிளென் கேன்யன் அணைக்குக் கீழே லீஸ் ஃபெரியில் பிறந்தது.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் பொறுமையைக் கூலியாகக் கேட்கிறது. மிதவையிலிருந்து ஈ வரைக்கும் ஆற்றின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நரம்பு விட வேண்டும். மிதவை தண்ணீரின் வேகத்திலேயே போக வேண்டும்; ஒரு விரற்கடை இழுபட்டாலும் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. நடுவில் வேகமான நீரோட்டம் இருந்தால் நரம்பை ஓட்டத்துக்கு மேல்பக்கமாக மடித்து மடித்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மிதவை முங்கும் என்று காத்திருந்தால் கிழவனாகிவிடுவீர்கள். அது முங்காது, ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். அந்தத் தயக்கத்தைப் பார்க்க எனக்கு இரண்டு சீசன் ஆனது. அதற்குள் ஆற்றோரச் சிக்கமோர் மரங்களுக்கு நான் சூட்டிய ஈக்களைச் சேர்த்தால் ஒரு சிறு கடை வைக்கலாம்.

ஈ வீசும் ஒன்பது அடி, ஐந்தாம் எண் கோல் ஒன்றை ஏழு வருடமும் மாற்றவில்லை. மலிவானதுதான். விலையுயர்ந்த கோலை நண்பரிடம் வாங்கி வீசிப் பார்த்தேன். வித்தியாசம் தெரிந்தது, மீனுக்குத் தெரியவில்லை.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் கதையே வேறு. அரிசி அளவுப் பூச்சியை அந்த வெள்ளத்தில் யார் பார்ப்பார்கள்? அப்போது பெரிய மீன்கள் நடு ஆற்றை விட்டுக் கரையோரம், மூழ்கிய மரத்தின் பின்னால், பாறை மறைவில் ஒதுங்கிக்கொள்ளும். அங்கே கொண்டுபோய் வைக்க ஜிக்தான் சரி. ஈயத் தலை, மேல்நோக்கிய முள், பின்னால் மராபூ. ஒரு காலத்தில் மராபூ நாரையின் இறகு, இப்போது வான்கோழியினுடையது. காய்ந்திருக்கும்போது பஞ்சுமிட்டாய் போலப் பொங்கி நிற்கும். ஈரமானால் எலிவால். தண்ணீருக்குள் விட்டு நரம்பைத் தளர்த்தினால் விரியும், இழுத்தால் ஒடுங்கும்; மூச்சு விடுவது போலவே இருக்கும். கடையில் வண்ண வண்ணமாகத் தொங்கும் பிளாஸ்டிக் மீன்களை எல்லாம் முதல் வருடம் வாங்கிக் குவித்தேன். இந்த மூச்சு அவற்றில் ஒன்றுக்கும் இல்லை.

ஒரு ஜெனரேட்டர் ஓடினால் 1/16 அவுன்ஸ், நான்கைந்து ஓடினால் 1/8. ஓட்டத்துக்குச் சற்று மேல்பக்கமாக வீசி, தரையைத் தொடும் அளவுக்கு இறங்கவிட்டு, கோலின் நுனியால் இரண்டு சுண்டு. பிறகு சும்மா விட வேண்டும். கடி அந்தச் சும்மாவில்தான் விழும். எனக்குத் தெரிந்த எல்லாரும் முதல் வருடம் செய்யும் தவறு, அந்த நேரத்தில் ரீலைச் சுற்றிக்கொண்டே இருப்பது. நானும் செய்தேன். ஆறரை அடி இலகுரகக் கோல், நான்கு பவுண்டு தாங்கும் நரம்பு போதும். நிறம் பற்றி ஆளுக்கொரு வேதம் வைத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் வருடம் முழுவதும் ஆலிவ் பச்சை; கடுங்குளிரில் மட்டும் வெள்ளை.

வெள்ளைக்குக் காரணம் உண்டு. குளிர் மிகுந்தால் மேலே ஏரியில் ஷாட் என்கிற சின்ன வெள்ளி மீன்கள் விறைத்துச் சாகும். அவை ஜெனரேட்டருக்குள் இழுபட்டு, அரையும் குறையுமாகக் கீழே வந்து விழும். அணைக்குக் கீழே கடற்காகங்கள் கூட்டமாகச் சுற்றினால் பந்தி ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் அப்படி ஒரு காலை. கோலின் வளையங்களில் பனி உறைந்து, ஐந்து வீச்சுக்கு ஒருமுறை அதை வாயில் வைத்து உருக்க வேண்டியிருந்தது. வெள்ளை ஜிக்கை ஒரு பாறையின் ஓரம் விட்டேன். சுண்டவே இல்லை, நரம்பு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. கல்லில் மாட்டியது என்றுதான் நினைத்தேன். கல் தலையை ஆட்டியது. இருபது நிமிடம் கழித்து வலைக்குள் வந்தது 23 அங்குல பிரவுன்; வெண்ணெய் நிற வயிறு, பக்கத்தில் குங்குமப் பொட்டு வைத்தது போலச் சிவப்புப் புள்ளிகள். தண்ணீருக்குள்ளேயே வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு உதறு, என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. புகைப்படம் இல்லை. கைப்பேசி குளிரில் அணைந்துவிட்டது என்று சொன்னால் வீட்டில் இன்றுவரை நம்பவில்லை.

ஈ வீசுகிறவர்களில் சிலருக்கு ஜிக் என்றால் இளக்காரம். அவர்கள் பெட்டியிலும் வூலி பக்கர் என்று ஒன்று இருக்கிறது; அதே முள், அதே மராபூ இறகு. தலையில் பித்தளை மணி இருந்தால் பந்தியில் இடமுண்டு, ஈயம் இருந்தால் வெளியே போ என்பது என்ன நியாயமோ. டேனிகோமோவில் ஜிக்காரர்கள் 1/64 அவுன்ஸ் குட்டி ஜிக்கை மிதவைக்குக் கீழே, இரண்டு பவுண்டு நரம்பில் கட்டித் தொங்கவிட்டு, ஓடாத தண்ணீரிலும் மீனாக எடுப்பார்கள். ஆகவே ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஜிக் என்பேன். அதிகாலையில் நீருக்கு மேல் இடுப்பளவு மூடுபனி, எதிர்க்கரையில் உறுமீனுக்கு நிற்கும் நாரை, மிதவையின் ஒரு தயக்கம்: அது வேண்டுமென்றால் ஈ.

தேய்மானம் பற்றி. ஒரு ஜிக் பதினைந்து, இருபது மீன் தாங்கும்; ட்ரவுட்டின் பல் நூலை அறுக்கும், இறகு பாதி போகும். பாதி போனதும் இன்னும் நன்றாகக் கடிக்கிற விசித்திரத்தைப் பல முறை பார்த்துவிட்டேன். ஈ மீனால் தேய்வதில்லை. பாசியில் போய்த் தொலைகிறது. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டிய பகுதிகளில் எதிர்முள் இல்லாத முள்தான் அனுமதி என்பதால் வாங்கியதுமே எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். அதனால் தப்பிய மீன்கள் உண்டு. என் காது மடலில் ஏறிய முள் சுலபமாகக் கழன்றதும் அதனால்தான்.

நான் ஏமாந்தது காற்சட்டையில். மார்புவரை வரும் நீர்புகாக் காற்சட்டைக்கு இங்கே பெயர் வேடர். பெயரைக் கேட்டதும் தமிழ்க் காது வில்லும் அம்பும் எதிர்பார்க்கும். பெரிய பெயருள்ள ஒன்றை வாங்கினேன். பதினான்காவது மாதம் தொடைத் தையலில் கசிந்தது, உத்தரவாதம் பன்னிரண்டு மாதம். இப்போது நடுத்தர விலையில் ஒன்று, நான்காவது வருடம் ஓடுகிறது. எதை வாங்கினாலும் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறையாமல் காப்பது அதுதான். காலணியில் கம்பளி அடிப்பாகம் வேண்டாம். ஒரு வகைப் பாசி ஆற்றுக்கு ஆறு பரவுவதைத் தடுக்க மிசௌரி 2012 முதல் டேனிகோமோவில் அதைத் தடை செய்திருக்கிறது. ஆணி பதித்த ரப்பர் போதும்.

இலையுதிர் காலத்தில் மட்டும் நான் குறைவாகவே போகிறேன். கோடை முழுதும் அசையாமல் கிடந்த ஏரியின் அடித்தண்ணீரில் அப்போது ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். அந்தத் தண்ணீர்தான் ஆற்றுக்கும் வரும். மீன் சோர்ந்திருக்கும், பிடித்து விட்டாலும் எல்லாம் பிழைக்காது. அணையில் காற்றேற்ற ஏற்பாடுகள் உண்டு, ஆனாலும் மனம் வருவதில்லை. டிசம்பர், ஜனவரியில் ஏரி கலங்கி மேலும் கீழும் கலந்த பிறகு எல்லாம் சரியாகும்.

சாப்பாட்டைக் கேட்காமல் விடமாட்டீர்கள். பண்ணையிலிருந்து வந்து சில வாரமே ஆன ரெயின்போவுக்கு ருசியே இல்லை. ஆற்றில் ஸ்கட் தின்று வளர்ந்தது உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது நன்றாக இருக்கும். ஆனால் புளிக்குழம்பில் போடாதீர்கள். சதை மென்மை; இரண்டு கொதியில் கரைந்து முள்ளும் குழம்பும்தான் மிஞ்சும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு தடவி இரும்புக் கல்லில் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை வறுங்கள். பிரவுனை நான் கொண்டுவருவதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. நாளைய அட்டவணையைப் பார்த்துவிட்டேன்: காலை பத்து மணி வரை பூஜ்யம், பிறகு இரண்டு ஜெனரேட்டர். பையின் வலப்பக்கப் பையில் மிட்ஜ் ஒரு டஜன், இடப்பக்கத்தில் ஆலிவ் ஜிக் ஆறு. டிபன் பாக்ஸ் தோளில்.