ஆன்லைன் வகுப்பா, பாதி வகுப்பா? ஒரு கணக்கு வாத்தியாரின் பக்கம்

நவம்பரில் மழை வலுத்து லீவு விட்டால் போதும், சில தனியார் பள்ளிகளிலிருந்து "நாளை ஆன்லைன் வகுப்பு உண்டு" என்று செய்தி வந்துவிடுகிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் உடனே இரண்டு கட்சி: போர்ஷன் நிற்காது என்று நிம்மதி அடைபவர்கள், திரும்பவும் அந்தக் கொரோனா காலக் கொடுமையா என்பவர்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியர். 2020-21இல் என் மகள் வேறொரு மெட்ரிக் பள்ளியில் பத்தாவது படித்தாள். அதனால் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. என் ஓட்டு நேரடி வகுப்புக்குத்தான், பாதிப் பிள்ளைகள் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள் என்றாலும் சரி.

டேட்டா, கண் வலி, கேம் எல்லாம் பேசித் தீர்ந்த கதை. என் மாணவர்கள் பலர் வீட்டில் போன் ஒன்றுதான், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆகவே எங்களுக்கு நேரலை வகுப்பு பெயரளவுக்குத்தான், மற்றபடி கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும். கல்வித் தொலைக்காட்சியைக் குறை சொல்ல மாட்டேன். கேபிள் இருந்தால் போதும், நடத்தியவர்களும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தான், நன்றாகவே தயாரித்து வந்தார்கள். ஆனால் நடுவில் கை தூக்கிக் கேட்க வழியில்லை. மகளின் கூகுள் மீட்டில் கேட்க வழி இருந்தது, யாரும் கேட்கவில்லை. "ப்ரெசன்ட் மிஸ்" என்று தட்டிவிட்டு, கேமராவை அணைத்துவிட்டு, அவள் அம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரிப்பாள்.

இதையெல்லாம் இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்ளும். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது வேறு ஒன்று, நோட்டுத் திருத்துவது.

வகுப்பில் ஒரு கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பேன். காரணிப்படுத்தும்போது மைனஸை அடைப்புக்குறிக்கு வெளியே எடுத்தால் உள்ளே குறி மாற வேண்டும். சரியாக அந்த இடத்தில்தான் பேனா தயங்கும். பின்னால் நின்று "வெளியே மைனஸ் எடுத்தியேப்பா, உள்ளே என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும், அவனே அடித்துத் திருத்திவிடுவான். அரை நிமிட வேலை.

வாட்ஸ்அப்பில் வருவது முடிந்துபோன கணக்கு. அதுவும் படுக்கைவாட்டில், டியூப்லைட் வெளிச்சம் பக்கத்தின் மேல் பளீரென்று அடிக்க, கடைசி வரியின் மேல் கட்டைவிரலோடு. பெரிதாக்கிப் பார்த்து, போனிலேயே விரலால் சிவப்பு டிக் போட்டால் அது புழு மாதிரி நெளியும், கடைசியில் அலுத்துப்போய் வாய்ஸ் நோட் அனுப்புவேன். திங்கட்கிழமை செய்த தப்புக்குப் புதன்கிழமை பதில் போகும், அதற்குள் வகுப்பு அடுத்த பயிற்சிக்குப் போயிருக்கும். அப்புறம் ஒன்று கவனித்தேன். ஒருத்தன் கிறுக்கலாக எழுதிய 7ஐ அடுத்தவன் 1 என்று படித்து எழுதியிருப்பான், அவனைப் பார்த்து எழுதியவர்களும் அதே 1, ஆனால் எல்லோர் விடையும் சரி! இதில் யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

2021 ஜனவரி 19இல் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தபோது அறைக்கு 25 பேர்தான், பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும், சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரே பாடத்தை இரண்டு அறையில் இரண்டு முறை நடத்தித் தொண்டை கட்டிப்போனது உண்மை. ஆனால் 25 நோட்டையும் ஒரே பீரியடில் பார்த்துவிடலாம். ஐம்பது பேர் நெருக்கி உட்காரும் சாதாரண நாட்களில்கூட எனக்கு அது முடிந்ததில்லை. போனில் மாதக்கணக்காகச் சரியான விடை அனுப்பியவர்களில் பலருக்கு எட்டாம் வகுப்புக் குறி விதியே நினைவில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு அங்கிருந்து தொடங்கினேன். பாடத்திட்டத்தைக் குறைத்திருந்ததால் அதற்கு இடமும் இருந்தது. பிப்ரவரி 25இல் 9, 10, 11 வகுப்புகளுக்கு ஆல் பாஸ் அறிவிப்பு வந்ததும் வருகை மெலிந்துபோனது, அது வேறு கதை.

மகளுக்கும் நான்தான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பயம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய நவம்பரில் 16ஆம் தேதி திறப்பதாக அறிவித்து, 9ஆம் தேதி பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டு, பிறகு தள்ளிவைத்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் நடந்த அந்தக் கூட்டத்தில் திறக்கச் சொல்லிக் குரல் உயர்த்தியவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்கென்று தனி போன் வாங்கித்தர முடியாதவர்கள்தான். பயந்தவர்களின் பயமும் வீண் பயம் இல்லை. 2021 மார்ச்சில் எங்கள் மாவட்டப் பள்ளிகளிலேயே மாணவர்களுக்குத் தொற்று வந்தது, அந்த மாதமே 9, 10, 11 வகுப்புகளை மறுபடி மூடினார்கள். என் அம்மா அப்போது தம்பி வீட்டில் இருந்தார். எங்களோடு இருந்திருந்தால் அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பேனா என்று இன்றும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆன்லைனுக்கும் ஒரு நல்லது உண்டு. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், இரவு ஒன்பது மணிக்கு "சார், இந்த வரி எப்படி வந்தது?" என்று போட்டோ அனுப்புவாள். பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவேண்டாம் என்று சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதலுக்கு நேரலை வகுப்பு ஓரளவு பயன்பட்டது என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள், நான் அந்த வகுப்பு எடுப்பதில்லை.

தொடக்க வகுப்புகள் பற்றி எனக்குத் தெரிந்தது கேள்வி ஞானம்தான். 1 முதல் 8 வரை 2021 நவம்பர் 1இல்தான் திறந்தார்கள். தொடக்கப் பள்ளியில் இருக்கும் என் அக்காவிடம் அன்று வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு அறையையே பார்த்திராதவர்கள். பென்சிலைப் பிடிக்கவே கை பழகவில்லை என்றாள். அந்த வயதில் மீட்டும் லிங்க்கும் எதற்கு என்றுதான் தோன்றுகிறது. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தெருவுக்குள்ளேயே தன்னார்வலர் மாலையில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தது மேல் என்பது அவள் கட்சி.

இரண்டு நாள் மழை லீவுக்கு ஆன்லைன் வேண்டவே வேண்டாம், ஒரு சனிக்கிழமை வைத்து ஈடுகட்டிவிடலாம். இரண்டு வாரத்தைத் தாண்டுகிறது என்றால் தினம் ஆறு பீரியட் மீட் வைப்பதைவிட, தெருவாரியாகப் பிரித்து வாரம் ஒரு நாள் நோட்டோடு பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். மழையில் பள்ளி வளாகமே தண்ணீரில் நின்றால் பக்கத்துச் சமுதாயக் கூடத்தைக் கேட்டுப் பாருங்கள்.