'லீனியர்' என்று ஒட்டியிருந்தால் லீனியர் ஆகிவிடாது

300 வாட், எஸ்.எஸ்.பி.க்கு ஏற்ற லீனியர் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு ஆர்.எஃப். ஆம்ப்ளிஃபயரை, அதாவது ரேடியோ செட்டின் சிக்னலைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் பெட்டியைப் பற்றிய எச்சரிக்கை இது. எஸ்.எஸ்.பி. என்பது குரலின் ஏற்ற இறக்கத்தோடு அலையின் உயரமும் மாறும் ஒலிபரப்பு முறை; லீனியர் என்றால் உள்ளே வருவதை உருவம் மாறாமல் பெருக்குவது. எஃப்.எம்.மில் குரல் சுத்தமாகவே போனது. எஸ்.எஸ்.பி.க்கு மாற்றியதும் 'ஸ', 'ஹ' போன்ற மூச்சொலிகளும் சொல்லின் கடைசி எழுத்தும் காணாமல் போயின. அழுத்திச் சொன்ன எழுத்து மட்டும் கரகரவென்று கேட்டது. விற்றவரின் பதில்: "மைக்கை மாத்திப் பாருங்க சார்." மைக் மாறியது, கரகரப்பு மாறவில்லை.

மூடியைக் கழற்றினால் குட்டு வெளிப்படுகிறது. பெருக்கும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டின் கேட்டிலிருந்து (சிக்னல் நுழையும் முனை) ஒரு ரெசிஸ்டர் நேரே கிரவுண்டுக்குப் போகிறது. சிக்னல் வராதபோதும் மாஸ்ஃபெட்டை லேசாகத் திறந்து வைக்கும் பயாஸ் சர்க்யூட்டே கிடையாது. ஆக, இது கிளாஸ் சி. உள்ளே வரும் சிக்னல் ஓரளவுக்கு மேல் ஏறினால்தான் மாஸ்ஃபெட் கண் திறக்கும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் போச்சு. எஃப்.எம்.மில் அலையின் உயரம் மாறுவதே இல்லை என்பதால் குறை தெரியாது. விற்பவர்கள் எஃப்.எம்.மிலேயே ஓட்டிக் காட்டுவதும் சும்மா இல்லை.

கெடுவது சொந்தக் குரல் மட்டுமல்ல. 700, 1900 ஹெர்ட்ஸ் என இரண்டு டோன்களைக் கொடுத்தால், லீனியராக இல்லாத ஆம்ப்ளிஃபயர் 3100 ஹெர்ட்ஸிலும், கேரியருக்கு (குரல் ஏற்றப்படும் அடிப்படை அலை) மறுபக்கம் 500 ஹெர்ட்ஸிலும் புதிதாக இரண்டைப் பெற்றுப் போடும். பக்கத்து அலைவரிசையில் இருப்பவர் திட்டுவது இதற்குத்தான். பயாஸ் உள்ள ஒழுங்கான கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயரையும் மைக் கெய்னை ஏற்றி ஓவர் டிரைவ் செய்தால் இதே கதிதான்.

300 வாட்டும் பொய். 13.8 வோல்ட் சப்ளை, 15 ஆம்பியர் ஃபியூஸ். பெருக்கினால் 207 வாட். அதில் பாதி சூடாகப் போனால் 100 வாட் தேறும். ஏ.எம்.முக்கு என்றால் இன்னும் மோசம்: 100 வாட் உச்சத்துக்குக் கேரியர் 25 வாட்தான்.

பயாஸை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று கை வைக்காதீர்கள். சூடு ஏறினால் மாஸ்ஃபெட்டின் திறப்பு வோல்டேஜ் இறங்கும், கரண்ட் ஏறும். ஹீட்சிங்கைத் தொட்டபடி ஈடுகட்டும் டையோடோ தெர்மிஸ்டரோ இல்லையென்றால் மாஸ்ஃபெட் எரிந்துவிடும்.

மூடியைத் திறக்காமலே சோதிக்கலாம். ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை (பவரைச் சூடாக விழுங்கும் ரெசிஸ்டர்) மாட்டி, சப்ளை வயரில் அம்மீட்டர் வையுங்கள். எஸ்.எஸ்.பி.யில் மைக் கெய்னைப் பூஜ்யமாக்கி, ஆம்ப்ளிஃபயரின் பி.டி.டி. லைனை (அதை ஒலிபரப்புக்கு மாற்றும் வயர்) கிரவுண்ட் செய்யுங்கள். கிளாஸ் ஏபி என்றால் உள்ளே சிக்னல் எதுவும் வராமலே சில நூறு மில்லி ஆம்பியராவது இழுக்கும். ரிலே 'டக்' என்றதும் அதற்கான கரண்டோடு முள் நின்றுவிட்டால் கிளாஸ் சி. அதை வீடியோ எடுத்துவிட்டு மூடியைத் தொடுங்கள். இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பியபோது "சீல் உடைஞ்சிருக்கு" என்று சொல்லித்தான் பணம் தர மறுத்தார்கள்.