ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, சேரலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில்தான், அதனால் இந்த மாடி வகுப்பில் அப்போதுதான் கூட்டம். படகுக்காரப் பையன்கள், ஆட்டோ ஓட்டும் அண்ணன்கள், யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு ரூம் விடும் அக்காக்கள் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில்.

சார் இலக்கணத்தில் ஆரம்பிக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. 'ரன்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொண்டு நாள் கணக்கில் அதிலேயே உட்கார வைத்தார். ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் 1989 பதிப்பில் 'செட்' 430 பொருளோடு முதலிடத்தில் இருந்ததாம், இப்போது 'ரன்' 645 பொருளோடு அதைத் தாண்டிவிட்டது. அத்தனையும் நமக்கெதற்கு, நம்ம ஊர் வேலைக்கு வேண்டியது போதும் என்றார். இன்ஜின் ஓடுவது, பாம்பன் புதுப்பாலத்தில் ரயில் ஓடுவது எல்லாம் தமிழிலும் ஓட்டம்தான், சிக்கலில்லை. கடையையும் நாம் 'ஏதோ ஓட்டுறேன்' என்போம், ஆனால் அதில் ஒரு சலிப்பு இருக்கும், ஆங்கிலத்தில் 'ஐ ரன் எ ஷாப்' என்றால் அந்தச் சலிப்பு கிடையாது, கடை நடத்துகிறேன், அவ்வளவுதான். அப்புறம் படகு தரைதட்டினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், துணியில் சாயம் போனாலும் ரன். தேர்தலில் நாம் நிற்கிறோம், பிரிட்டன்காரரும் நிற்கிறார், அமெரிக்கக்காரர் மட்டும் ஓடுகிறார்!

'ரன் அவுட்' என்றதும் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். ஐஸ் தீர்ந்துபோனாலும், டீசல் தீர்ந்துபோனாலும் அதே சொல்தான் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இதைவிட, ஓர் ஆட்டோ அண்ணன் 'நேத்து ஒரு டூரிஸ்ட்டை ரேன் இன்டு' என்று சொன்னார் பாருங்கள், எதேச்சையாகச் சந்தித்தாரா, வண்டியை ஏற்றிவிட்டாரா என்று வகுப்பே பதறிப்போனது. இரண்டுக்கும் அதே சொல்லாம்.

குறையும் உண்டு. தனியாகக் காசு வாங்கிக்கொண்டு தருகிற புத்தகம் தண்டம்: ரன் என்றால் ஓடு, செட் என்றால் வை, முடிந்தது. சார் வகுப்பில் சொல்லும் எதுவும் அதில் இல்லை, நோட்டில் எழுதிக்கொண்டால்தான் உண்டு. கரண்ட் போனால் மாடியில் உட்கார முடியாது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகிறவர்கள் விட்ட பாடத்தைப் பிடிக்க வேறு நேரமும் கொடுப்பதில்லை, கேட்டால் அடுத்த வருஷம் பார்ப்போம் என்கிறார்கள்.

அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இங்கே வரவேண்டாம், அதற்கான பயிற்சி எதுவும் கிடையாது. வாயைத் திறந்து பேசினால் போதும் என்பவர்கள் தாராளமாகச் சேரலாம். முதல் வகுப்புக்குக் காசு வாங்குவதில்லை, போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், புத்தகம் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.